குடைக்கு அடியில் வந்த காட்டுப்பூனை

ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தால் ஊருக்கே தூக்கம் போய்விடும். முன்னொரு காலத்தில், ஒரு வேந்தர் காட்டுப்பூனையைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைப் பார்க்க ஆசைப்பட்டார். சொன்னவன் அரசவை விகடன் பொன்னாண்டான். ஓடைக்கரை நாணலுக்குள் அதைக் கண்ணாரக் கண்டவன். அன்று முதல் அவனுக்கு வேறு பேச்சே இல்லை.

அவன் மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த தளவாய் அனந்தநம்பிக்கு இது போதாதா? "விகடர் அதை அரசவைக்கே அழைத்து வரட்டும், மகாராஜா. கூண்டும் கயிறும் கூடாது. தானாக வந்து தங்கள் முன் நிற்க வேண்டும். வராவிட்டால் அவர் சொன்னது பொய். பொய்யருக்கு இந்த நாட்டில் இடம் எதற்கு?" என்றார். வேந்தரும் தலையாட்டிவிட்டார்.

பொன்னாண்டான் பிறந்த மண்ணை விட்டு எங்கே போவான்? நாணலைத் தாண்டாத பிராணி அரண்மனைப் படி ஏறுமா? திகைத்து நிமிர்ந்தவன் கண்ணில் அரியணைக்கு மேலிருந்த வெண்கொற்றக் குடை பட்டது. அந்தக் குடை எங்கே நிற்கிறதோ அதுதான் அரசவை என்பது அந்த நாட்டு வழக்கம். பாசறையிலும் ஆற்று மணலிலும்கூட அதை நட்டு வழக்குத் தீர்த்திருக்கிறார்கள்.

"அழைத்து வருகிறேன், மகாராஜா. குடையை நடும் இடத்தை மட்டும் அடியேன் சொல்ல வேண்டும்" என்றான்.

மறுநாள் பொழுது சாயும் நேரம், பூனை வழக்கமாகக் கரையேறும் தடத்தில் குடை நின்றது. வேந்தர், தளவாய், பொன்னாண்டான் மூவரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். கொசு பிடுங்கித் தின்றது. நாணல் அசையவில்லை. பொன்னாண்டான் மனசுக்குள் ஊரிடம் விடைபெறத் தொடங்கிவிட்டான்.

அப்போது எதிர்க்கரை நாணல் விலகியது. காய்ந்த புல்லின் நிறத்தில் ஓர் உடம்பு, நெடிய கால்கள், காது நுனியில் கறுப்பு மயிர்க் குஞ்சம், குட்டை வாலில் கறுப்பு வளையங்கள். நம் வீட்டுப் பூனைக்குத் தண்ணீர் தெளித்தாலே ஆகாது. இதுவோ கூசாமல் ஓடையில் இறங்கி நீந்தி, கரையேறி உதறிக்கொண்டு, குடைக்கு அடியில் வந்து நின்றது. மஞ்சள் கண்களால் வேந்தரை ஏறிட்டுப் பார்த்தது. பொன்னாண்டானுக்கு நாடுகடத்தல்கூட மறந்துபோயிற்று. எத்தனை முறை பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறதே! வேந்தர் தம்மை அறியாமல் கைகூப்பினார். ஒரே தாவலில் அது புதருக்குள் மறைந்தது.

"வந்தது சரி, மன்னரை வணங்கவில்லையே!" என்று சீறினார் தளவாய்.

"குடைதான் நம்முடையது, தளவாயாரே. வீடு அதனுடையது. வீடு தேடி வந்தவர்கள்தானே முதலில் வணங்க வேண்டும்? மகாராஜா வணங்கிவிட்டார். பாக்கி நீங்கள்தான்."

வேந்தர் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பொன்னாண்டானுக்குப் போட்டார். தளவாய் வேறு வழியில்லாமல் நாணலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு கொசுக்கடி தாங்காமல், அரண்மனைக்குத் திரும்பலாமா என்று மெல்லக் கேட்டார்.

"அவை இன்னும் கலையவில்லை" என்றார் வேந்தர், புதரை விட்டுக் கண்ணெடுக்காமல்.