பதினாலு நாள் ஆயுசு

எந்திரங்கள் வாய் திறந்து பேசிய காலம் ஒன்று இருந்தது. ரொம்பப் பழசெல்லாம் இல்லை, போன சித்திரைதான்.

அப்போது ஒரு புல்டோசர், தெருக்கிணற்றை மண் தள்ளி மூட வந்தது. இடம் தன்னுடையது என்று அரிசி ஆலைக்காரர் பத்திரம் காட்டியிருந்தார். முதல் குவியலைத் தள்ளப்போகும் நேரத்தில், கோர்ட்டு அமீனா சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து கிணற்றுத் தூணில் ஒரு தாளை ஒட்டினார். டிரைவர் மாசிலாமணி படித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

புல்டோசருக்குப் பொறுக்கவில்லை. "யாருடா நீ? நான் தும்மினா அடுத்த ஊர்ல போய் விழுவே!"

"இடைக்காலத் தடை உத்தரவு," என்றது தாள். "பதினாலு நாள் சும்மா நில்லுங்கண்ணே."

"எங்க பக்கத்து நியாயத்தைக் கேட்டாங்களா?"

"கேக்கலை. தெருக்காரங்க அழுதுக்கிட்டு கோர்ட்டுக்கு ஓடினாங்க, நான் அவசரத்துல பொறந்தேன். ஒரு பக்கம் மட்டும் கேட்டுப் பொறந்தவன் நெடுநாள் இருக்கலாமா? அதான் ஆயுசு பதினாலே நாள்."

அதற்குள் தெருவில் சரவெடி, ஆளாளுக்குக் கையில் கேசரி. கிணறு குதித்தது. "பாத்தியா, ஜெயிச்சுட்டேன்!"

"ஜெயிக்கலக்கா, இன்னும் மூடலை, அவ்வளவுதான்."

"பின்னே ஏன் எனக்காக வந்தே?"

"அண்ணன் சும்மா நின்னா கொஞ்சம் துருப்பிடிக்கும், தேய்ச்சாப் போயிடும். உங்களை மூடின பிறகு நியாயம் உங்க பக்கம்னு தெரிஞ்சா, ஊத்து திரும்பி வருமா?"

கிணறு குதிப்பதை விட்டுத் தன் ஊற்றைக் குனிந்து பார்த்தது.

வெயில் கொளுத்தியது. கோர்ட்டு அனுப்பிய ஆள் வந்து சங்கிலி போட்டு இடத்தை அளந்துகொண்டு போனார். மாசிலாமணி தினமும் கிணற்றில் இறைத்து ரேடியேட்டரில் ஊற்றினார். முதல் நாள் முகம் சுளித்த புல்டோசர், நாலாம் நாள் வாளிச் சத்தத்துக்குக் காது கொடுத்தது.

பதினாலாம் நாள் தாள் சுட்ட அப்பளமாகியிருந்தது.

"தீர்ப்பு யாருக்குத் தம்பி?" என்றது புல்டோசர்.

"தெரியாதுண்ணே. அது வர்ற நேரம், நான் போற நேரம்." தாள் பிய்த்துக்கொண்டு பறந்தது.

மத்தியானம் மாசிலாமணி கோர்ட்டிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "அளந்து பாத்ததுல, நம்ம ஆலை முதலாளி இடம் ரோட்டுக்கு அந்தப் பக்கமாம்! கிணறு ஊரோடதுன்னு தீர்ப்பாயிடுச்சு."

புல்டோசர் உறுமி ஊர் திரும்பக் கிளம்பி, நாலடி போய் கிணற்றைத் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டது. மாசிலாமணி புரிந்துகொண்டு வாளியை இறக்கினார்.

"குடிங்க தம்பி," என்றது கிணறு. "மண் விழாத தண்ணி."