அக்கரைக்குப் போக ஆளில்லை

செம்பாறை நாட்டில் சாலைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் எல்லாச் சாலைகளும் அரண்மனையில் புறப்பட்டு வேட்டைக் காட்டில் முடிந்தன. நடுவில் ஓடிய பேராற்றுக்கு அந்தப் பக்கமும் ஊர்கள் இருந்தன என்பது வரி வாங்கும் நாளில் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

ஒரு நாள் அந்தப் பக்கத்து ஊர்கள் சார்பில் ஒச்சம்மாள் என்பவள் சபைக்கு வந்தாள். மலையைச் சுற்றி நடந்து வந்தவள். இரண்டு காலிலும் துணி சுற்றியிருந்தாள்.

"மகராசா, ஆத்துக்கு ஒரு படகு விடணும். படகை விட்டு இறங்கினா ஊருக்கு ஊர் நின்னு ஆளேத்துற வண்டி ஒண்ணு வேணும். சும்மா கேட்கல, ஏறுறவங்க காசு குடுப்போம். என் மகளுக்கு ரெண்டு மாசத்துல பிரசவம். மருத்துவச்சி இக்கரையில இருக்கா. மலையைச் சுத்தி என் மகளால நடக்க முடியாது."

வீரமகேந்திர மகாராஜா இரக்கமுள்ளவர்தான். உடனே பிரதானி வேங்கடபதியைப் பார்த்தார். பிரதானிக்கு முகம் சுருங்கிவிட்டது. கஜானாவில் இருந்த பணத்தை வேட்டை மாளிகைக்குப் பளிங்குப் படி கட்ட அவர் ஒதுக்கி வைத்திருந்தார். படி கட்டும் காண்டிராக்ட் அவருடைய மைத்துனருக்கு.

"செய்துவிடலாம் மகாராஜா. ஆனால் திட்டம் என்றால் முதலில் ஆய்வு வேண்டும். ஆற்றை எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம்" என்றார் பிரதானி.

பிரதானியின் ஆட்கள் நான்கு பேர் குடை, பாய், முறுக்கு மூட்டையோடு ஆற்றங்கரைக்குப் போனார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணினார்கள். முறுக்கு தீர்ந்ததும் திரும்பினார்கள்.

பிரதானி சபையில் எழுந்து நின்றார்.

"மகாராஜா, ஒரு வாரத்தில் ஆற்றைக் கடந்தவர் ஒருவர்கூட இல்லை. எருமை ஒன்று கடந்தது. அதுவும் நீந்திப் போய்விட்டது. கடக்க ஆளே இல்லாத ஆற்றுக்குப் படகு எதற்கு? படகே இல்லாதபோது அக்கரையில் வண்டி எதற்கு?"

"படகு இல்லாம எப்படிச் சாமி கடக்கிறது?" என்றாள் ஒச்சம்மாள்.

"ஆத்திரப்படாதே அம்மா. இது ஆய்வு. இதில் உன் கதை, என் கதை எல்லாம் சேராது."

மகாராஜாவுக்கும் அது சரியென்றே பட்டது. "நாளை சாப்பிட்டதும் முத்திரை வைக்கிறேன். பணம் படிக்கட்டுக்கே போகட்டும்" என்று எழுந்தார்.

சபையில் தாண்டவராயன் என்று ஒருவன் இருந்தான். மகாராஜாவுக்கு வேடிக்கையாகப் பேசுவது அவன் வேலை. அவன் கைகட்டி முன்னால் வந்தான்.

"மகாராஜா, பிரதானியாரின் முறை அருமையான முறை. இதே முறையில் அரண்மனைச் செலவையும் குறைத்துக் காட்டுகிறேன். உத்தரவு கொடுங்கள்."

"தாராளமாகச் செய். இவரிடமிருந்து நீயாவது நல்லதாக ஒன்று கற்றுக்கொண்டாயே!"

மறுநாள் மத்தியானம் மகாராஜா பிரதானியோடு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். கதவில் பெரிய பூட்டு. வாசலில் பாய் விரித்து, குடை பிடித்து, தாண்டவராயன் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சமையற்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

"என்னடா இது? இலை எங்கே?"

"ஆய்வு நடந்தது மகாராஜா. காலையிலிருந்து இந்தக் கதவு வழியாகச் சாப்பிடப் போனவர் யாரும் இல்லை. பூனை ஒன்று போனது. அதுவும் ஜன்னல் வழியாக. சாப்பிட ஆளில்லாத இடத்தில் சமையல் எதற்கு? அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டேன். இன்றைக்கே இரண்டு குடம் நெய் மிச்சம்."

பிரதானிக்குப் பொறுக்கவில்லை. "முட்டாளே! கதவைப் பூட்டிவிட்டு ஆள் வரவில்லை என்கிறாயா? எங்களுக்குப் பசிக்கிறதே!"

"பசியை யார் எண்ணச் சொன்னார்கள் பிரதானியாரே? உள்ளே போகிறவர்களைத்தான் எண்ணினேன். உங்கள் முறையில் பசிக்கு இடம் இல்லையே."

மகாராஜா பூட்டைப் பார்த்தார். பிறகு பிரதானியைப் பார்த்தார். வயிறு காலியாக இருந்ததால் விஷயம் சீக்கிரம் புரிந்தது.

"பளிங்குப் படி வேண்டாம். அந்தப் பணத்தில் படகும் வண்டியும் விடுங்கள்."

பிரதானி அவ்வளவு லேசில் விடுகிறவர் இல்லை. "உத்தரவு மகாராஜா. ஆனால் ஒரு சந்தேகம். இக்கரையில்தான் எண்ணினோம். அக்கரையிலும் ஆய்வு செய்துவிட்டுத் தொடங்கினால் நாளை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு வருஷம் போதும்."

"பிரதானியார் சொல்வது சரிதான்" என்றான் தாண்டவராயன். மகாராஜாவே திடுக்கிட்டார். "ஆனால் முறுக்கு தின்கிற ஆட்களை நம்ப முடியாது. பிரதானியாரே நேரில் போகட்டும். இன்றைக்கே புறப்படட்டும்."

"நானா? மலையைச் சுற்றி நடந்தால் என் முழங்கால் என்ன ஆவது? படகு இல்லாமல் அக்கரைக்கு எப்படி ஐயா போவது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று பிரதானிக்கு உறைத்தது.

தாண்டவராயன் மகாராஜாவை வணங்கினான். "முதல் ஆள் கிடைத்துவிட்டார் மகாராஜா!"

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையிலிருந்த முத்து மோதிரத்தைக் கழற்றித் தாண்டவராயனுக்குப் போட்டார். கதவு திறந்தது, அடுப்பு எரிந்தது, முத்திரையும் விழுந்தது.

அடுத்த மாதமே படகு ஓடியது. முதல் படகில் மருத்துவச்சி ஏறினாள். ஒச்சம்மாளுக்குப் பேத்தி பிறந்தாள், தாயும் பிள்ளையும் நலம்.

அதற்குப் பின் துறையில் ஒரே கூட்டம். கூடையோடும் ஆட்டுக்குட்டியோடும் கல்யாணச் சீரோடும் ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். பிரதானி அதைப் பார்த்துவிட்டு அவசரமாக மகாராஜாவிடம் ஓடிவந்தார்.

"பார்த்தீர்களா மகாராஜா? நான் எண்ணியபோது ஒருவர்கூட இல்லை. இந்தப் படகை விட்டுத்தான் இத்தனை பேரையும் கெடுத்துவிட்டோம்!"