சேலையில் பை வைத்த அஞ்சுகம்

ஆவுடைச்சேரியில் இன்றைக்கும் பெண்கள் சேலையின் இடுப்புப் பக்கம் பை வைத்துத்தான் கட்டுகிறார்கள். அதை முதலில் தைத்தவள் அஞ்சுகம். சேலையில் போய்க் கத்தரி வைப்பதா என்று ஊரே காறித் துப்பியது. துப்பியவர்களே பிறகு அவள் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

ஜமீன்தாருக்குப் பொறுக்கவில்லை. வேறு வேலை இல்லாத மனுஷர், ஒரு பைக்காகச் சபையையே கூட்டினார்.

"பொம்பளைக்கு எதுக்குடி பை? முந்தானையில முடிஞ்சுக்கிட்டா ஆகாதா? பொழுது சாயறதுக்குள்ள ஊர்ல இருக்கிற அத்தனை பையையும் பிரிச்சாகணும். ஒண்ணு மிஞ்சினாலும் நீ ஊரைவிட்டே போகணும்!"

"ஆகட்டும் சாமி," என்று தன் சேலைப் பையிலிருந்து கத்தரியை எடுத்தாள் அஞ்சுகம். "அரண்மனையிலிருந்தே ஆரம்பிச்சுடறேன். நாச்சியாரைக் கூப்பிடுங்க. பையில இருக்கிறதை மட்டும் முதல்ல எடுத்துடட்டும்."

ஜமீன்தாரின் மனைவி நாச்சியார் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வெடித்தாள்.

"பிரிச்சு எறி அஞ்சுகம்! எல்லாம் இந்த மனுஷன் சுமைதான். இந்தா, இவர் பொடி டப்பா. இது இவர் கண்ணாடி. நாள் பூரா அது எங்கே, இது எங்கேன்னு என் உயிரை வாங்கறார். போதாததுக்கு மீசைக்குப் பூசற மை வேற!"

சபை மொத்தமும் ஜமீன்தாரின் கருகரு மீசையைப் பார்த்தது.

"பை இருக்கட்டும்! எல்லாப் பையும் இருக்கட்டும்!" என்று கத்தினார் ஜமீன்தார்.

அன்றிலிருந்து நாச்சியார் அவர் சாமானைத் தொடவில்லை. மறுவாரம் அரண்மனை ஆள் அஞ்சுகத்திடம் வந்து தலையைச் சொறிந்தான்.

"ஐயா வேட்டிக்கு ஒரு பை வேணுமாம்."

"எதுக்காம்? முனையில முடிஞ்சுக்கச் சொல்லு," என்றாள் அஞ்சுகம்.