மொட்டைவால் கெண்டைக்குப் பொரி

“அம்மா, மீனெல்லாம் பட்டினியில சாகுது!”

விடிந்தும் விடியாமலும் இப்படிக் கத்திக்கொண்டு ஓடிவந்தவர் ஆவுடையப்பன். ஐம்பத்தைந்து வயது. அரிசி மண்டியை மகனிடம் விட்டுவிட்டு மலையடி மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். குரு செண்பகவடிவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அதனால் என்ன, வாய் நிறைய அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

மடத்துக் குளத்து மீன்களுக்கு வேண்டுதல்காரர்கள் பொரி போடுவது வழக்கம். எப்போதாவது ஒரு பிடி. ஆவுடையப்பன் வந்தபின் தினமும் காலையில் ஒரு படி, மாலையில் ஒரு படி. மண்டிக்காரர் கை, சின்னதாக அள்ளத் தெரியாது.

“பட்டினின்னு எப்படித் தெரியும்?” என்றார் குரு.

“விடியும்போதே மேலே வந்து வாயைப் பிளக்குதும்மா. பாவமா இருந்துச்சு. நேத்து கூடுதலா ரெண்டு படி போட்டேன். இன்னைக்கு மூணு செத்து மிதக்குது.”

சொல்லும்போதே அழுதுவிட்டார். அவர் கையிலிருந்து வாங்கித் தின்னும் மொட்டைவால் கெண்டை மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது. அதுவும் போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

குரு கரைக்கு வந்தார்.

“போடுறதை எல்லாம் மீன் தின்னுடுதா?”

“பாதி அடியில போயிடும்.”

“அதை யாரு தின்னுறா?”

ஆவுடையப்பன் குளத்தை எட்டிப் பார்த்தார்.

குரு தண்ணீரில் கையை விட்டு ஒரு பிடி பாசியை அள்ளிக் காட்டினார். பச்சைப் பசேலென்று கொழகொழத்தது. போன வருஷம் அடிமணல் தெரிந்த குளம் அது.

“அடப்பாவி! மீனோட பங்கை இதுவா தின்னு கொழுக்குது? அப்ப நாளையில இருந்து தினமும் நாலு படி போடணும்மா!”

எங்கே போய் முட்டிக்கொள்வது, சொல்லுங்கள்.

குரு சிரிக்கவில்லை. “மலைமேல விளக்குக்கு எண்ணெய் விட்டுட்டு வாங்க. நடக்கக் கூடாது. ஓடணும்.”

“மீன் சாகுதேம்மா…”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

ஓடினார். திரும்பி வந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. குரு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

குரு அவருடைய பொரிப்பையிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்த வாயில் போட்டார்.

ஆவுடையப்பனுக்குப் புரையேறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“என்னம்மா இது! மூச்சே விட முடியாம நிக்கிறேன், பொரியா கேட்டேன்?”

“வாய் திறந்திருந்துச்சே ஐயா. பசின்னு நினைச்சுட்டேன். பாசி கொழுத்தா ராத்திரியில தண்ணியில இருக்கிற மூச்சையும் அதுவே குடிச்சிடும்.”

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வேண்டுதலோடு குளத்துக்கு வந்தாள். அவள் காலடியில் மொட்டைவால் கெண்டை மேலே வந்து வாயைப் பிளந்தது.

“ஐயோ, பசிக்குது போல” என்று பொரிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

ஆவுடையப்பன் ஓடிப்போய் அதைப் பிடுங்கினார். பேச முடியவில்லை, இருமல் இன்னும் நிற்கவில்லை. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு மீனைக் காட்டினார்.