மீகாமன் பூட்டிய தண்ணீர்

அன்பரே, பிறர் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கையில், அதில் உம் முகத்தையே கண்டு திடுக்கிட்டதுண்டா?

முன்னாளில் வெண்மணல்துறை என்னும் கடலோர நாட்டை வேல்மாறன் ஆண்டான். நொடிக்கொரு மனம் படைத்தவன். மூன்றாண்டாக மழை பொய்த்தும், தான் பட்டமேற்ற நாளின் விருந்துக்கென்று களஞ்சியத்தைப் பூட்டி வைத்திருந்தான். “திறக்கச் சொல்லிக் கேளுங்கள்” என்று குடிகளைத் தூண்டிய கிறிஸ்தவ உபதேசியார் அருளப்பனைச் சேவகர் கட்டி அவைக்கு இழுத்து வந்தனர்.

அவர் பேச்சுக்குக் கூடும் கூட்டத்தைக் கண்டு வெகுநாளாய்ப் புழுங்கியவன் அவைத்தலைவன் காரியாதன்.

“அரசே, ‘அரசர்’, ‘களஞ்சியம்’, ‘பசி’ என்னும் மூன்று சொற்களில் ஒன்றை இந்த அவையில் எவன் உச்சரித்தாலும் தலை போகும் என்று ஆணையிடுங்கள். அப்புறம் வாதாடட்டும், பார்ப்போம்!”

அரசன் நகைத்தான். “அப்படியே ஆகட்டும். எவனாயினும் தலை போகும்.”

வாளேந்திய காவலன் அருளப்பனை நெருங்கி நின்றான்.

“ஐயா, கடிந்துகொள்ள வேண்டிய இடத்தில் எங்கள் ஆண்டவர் கதை சொன்னார், கேட்டவர்களே தீர்ப்புச் சொன்னார்கள். நானும் ஒன்று சொல்கிறேன். நடுக்கடலில் ஒரு கப்பல். அதைச் செலுத்தும் மீகாமன், ‘கரையிறங்கும் நாளில் நான் நீராட வேண்டும்’ என்று குடிதண்ணீரையெல்லாம் தன் அறையில் பூட்டினான். துடுப்பு வலிப்பவர்களுக்கு நா வறண்டது. ஒருவன் கை துடுப்பை விட்டது. பிறகு இன்னொருவன். மேற்கே கருமேகம் திரண்டது...”

அவர் நிறுத்தினார்.

“அப்புறம்?” அரசன் அரியணையின் நுனிக்கே வந்துவிட்டான். “அந்த மடையன் கதவைத் திறந்தானா, இல்லையா?”

“தெரியாது, ஐயா. கப்பல் இன்னும் கடலில்தான் இருக்கிறது.”

காரியாதன் துள்ளி எழுந்தான். “பெருமானே, ஏமாறாதீர்கள்! மீகாமன் என்று இவன் சொல்வது அரசரை! தண்ணீர் நம் களஞ்சியம்! தாகம் குடிகளின் பசி!”

காவலன் மெல்ல நடந்துபோய்க் காரியாதன் அருகில் நின்றான்.

அரசன் முகம் சிவந்து, பின் வெளுத்தது. “காரியாதா, அவர் சொன்னது ஒரு கப்பலை. அதில் என்னைக் கண்டவன் நீ. மடையன் என்று தீர்ப்புச் சொன்னவன் நான்.”



“ஐயா, அவர் தலை வேண்டாம்,” என்றார் அருளப்பன். “கைகள் போதும். நெல் அளக்கட்டும்.”

அரசன் தன் இடுப்புச் சாவியைக் கழற்றி அருளப்பனிடமே நீட்டினான். பொழுது சாயுமுன் காரியாதன் வியர்க்க வியர்க்க நெல் அளந்தான். “தலை தட்டாம அளங்க, சாமி!” என்றாள் வரிசையில் முன்னே நின்ற மீன்காரி.

அன்பரே, உம் வீட்டிலும் பூட்டிய அறை ஒன்று உண்டு. அதன் வாசலில் காத்து நிற்பவர் யாரென்பதும் உமக்குத் தெரியும். அவர் கை துடுப்பை விடுமுன் எழுந்திரும். நாளைக்கென்று வைக்காமல், இன்றே அந்தக் கதவைத் திறந்துவிடும்.