செங்கமலம் காய்ச்சிய பால்

மனநோய் மருத்துவமனையில் குணமாகியும் போக வீடில்லாதவர்கள் பலர். அவர்கள் சில காலம் தங்கி, சமைத்து, கடைக்குப் போய், வேலை தேடிப் பழக ஒரு வீடு வேண்டும் என்று மங்களநாயகி அம்மாள் தீர்மானித்தார். அதற்குப் பணம் திரட்டும் பொறுப்பு சீடர் நாவுக்கரசிடம் வந்தது.

நாவுக்கரசு ஐம்பதைக் கடந்தவர். வாசல் வாசலாக ஏறி இறங்கியதில் செருப்போடு மனமும் தேய்ந்துபோனது. ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"கையேந்தி வாங்குற வீட்டுல தங்க வர்றவங்க தலை நிமிந்து இருக்க முடியுமா, அம்மா?"

"பால் காய்ச்ச நாள் பாத்தாச்சா?" என்றார் அம்மாள்.



கடைசியில் அரிசி ஆலை வைரவன் மனம் இரங்கினார். ஐந்து வருட வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அவர் ஏற்றுக்கொண்டார். பால் காய்ச்சும் அன்று காசோலை தருவதாகச் சொன்னார். அடுப்பை அவர் கையாலேயே பற்றவைக்கலாம் என்று நாவுக்கரசும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று வைரவன் பட்டு வேட்டியில் வந்தார். நேரே சமையலறைக்குப் போய்த் தீப்பெட்டிக்குக் கை நீட்டினார்.

அம்மாள் அதை எடுத்துச் செங்கமலத்திடம் கொடுத்தார். அந்த வீட்டில் தங்க வந்தவள் அவள். பல வருடம் மருத்துவமனையில் இருந்தவள். அங்கே நோயாளிகள் கையில் யாரும் தீப்பெட்டி கொடுப்பதில்லை.

வைரவன் முகம் சிவந்தது. "அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"பால் குடிக்க."

நாவுக்கரசு குறுக்கே வந்தார். இத்தனை நாள் அலைந்ததெல்லாம் இப்படியே படியிறங்கிப் போய்விடுமோ?

"அம்மா, ஐயாவுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"வீட்டுக்காரங்களக் கேட்டியா?" என்று அம்மாள் செங்கமலத்தைக் காட்டினார்.

செங்கமலம் குச்சியை உரசினாள். முதல் குச்சி ஒடிந்தது. அடுத்தது பற்றி அணைந்தது. உதவப் போன நாவுக்கரசை அம்மாளின் பார்வை நிறுத்தியது.

செங்கமலம் எரிச்சலோடு திரும்பினாள்.

"சும்மா நிக்கிறீங்களே ஐயா, அந்த ஜன்னலச் சாத்துங்க. காத்து அடிக்குதில்ல?"

வைரவன் சாத்தினார். யார் சொல்லிச் செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே சாத்திவிட்டார்.

அடுப்பு பற்றியது. பால் பொங்கி வழிந்தது. அவளோடு தங்க வந்த பெண்கள் குலவையிட்டார்கள்.

"சக்கரை எவ்வளவு போடட்டும்?"

"எனக்குச் சக்கரை வியாதிம்மா."

"அப்ப போடல. ஆனா முழு தம்ளரும் குடிக்கணும். மொத மொத வந்திருக்கீங்க."

வைரவன் சுவரோரம் சப்பணமிட்டு உட்கார்ந்து குடித்தார். கிளம்பும்போது காசோலையைச் செங்கமலத்திடம் நீட்டினார். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்து முடிக்கும்வரை நீட்டிய கையோடு நின்றார்.

அவர் போன பிறகு நாவுக்கரசு அம்மாளிடம் வந்தார்.

"அவர் கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தா, அம்மா?"

"வந்த மனுஷன் ஒரு வாய் பால்கூடக் குடிக்காமப் போயிட்டாரேன்னு செங்கமலம் வருத்தப்பட்டிருப்பா."