விழாத கொய்யா

ஜெஸிந்தாவுக்கு வயது இருபத்தொன்பது. அவளிடம் நிரல் எழுதக் கற்றுக்கொண்ட மகாலிங்கத்துக்கு ஐம்பத்து மூன்று. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுப்பது அவர் தொழில். பாளையங்கோட்டையில் சனிக்கிழமை தோறும் நடக்கும் அவளுடைய வகுப்புக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

“டீச்சர், எந்த ஏஐ நல்லா கோடிங் எழுதும்?”

“எதுக்குக் கேக்கிய அண்ணாச்சி?”

“ரெண்டை மாத்திப் பாத்துட்டேன். சொன்னதெல்லாம் செய்யுது. ஆனா ஆட்டம் சரியா வரல.”

மேலப்பாளையத்தில் மீரான் பாய் என்று ஒரு பரோட்டா மாஸ்டர். முப்பது வருஷம் கல்லுக்கு முன்னால் நின்றவர். வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பந்தை உருட்டுங்கள், கட்டையை நகர்த்துங்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்காகத்தான் மகாலிங்கம் டேப்லெட்டில் ஆட ஒரு சின்ன வெப் கேம் செய்தார். மேலிருந்து கொய்யாப்பழம் விழும். அது தரையில் விழுவதற்குள் விரலை நகர்த்தித் தொட வேண்டும். அவர் சொல்லச் சொல்ல ஏஐ எழுதிக் கொடுத்தது.

மீரான் பாய் ஒரே ஒரு தடவை ஆடினார். ‘தோற்றுவிட்டீர்கள்’ என்று சிவப்பில் எழுத்து வந்தது. எழுந்து போனவர் மூன்று வாரமாகப் பயிற்சிக்கே வரவில்லை.

“இன்னும் ஒரு மாசம் இப்படியே விட்டா அந்தக் கை இறுகிப் போயிரும் டீச்சர்.”

ஜெஸிந்தா அவருடைய லேப்டாப்பை மூடினாள்.

“இப்ப நான்தான் ஏஐ. என்ன வேணுமோ எங்கிட்ட சொல்லுங்க.”

மகாலிங்கம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“சரி. பழம் விழுற வேகத்தைக் குறைங்க.”

“குறைச்சாச்சு.”

“பழத்தைப் பெருசாக்குங்க.”

“ஆக்கியாச்சு.”

“அந்தச் சிவப்பு எழுத்தைப் பச்சையா மாத்துங்க.”

“மாத்தியாச்சு.”

“இனி மீரான் பாய் வருவாரா?”

“அது எனக்குத் தெரியாதே அண்ணாச்சி.”

மகாலிங்கம் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் மீரான் பாய் வீட்டு வாசலில் நின்றார்.

மீரான் பாய் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“பயிற்சிக்குக் கூப்பிட வரல பாய். என் ஆட்டத்துல என்ன தப்புன்னு கேக்க வந்தேன்.”

மீரான் பாய் திரும்பினார்.

“டாக்டரே, இந்த விரலை அசைக்கணும்னு நான் உள்ளுக்குள்ள மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். அதுக்குள்ள பழம் விழுந்துருது. நான் மல்லுக்கட்டுனது யாருக்குத் தெரியுது? தோத்துட்டேன்னு மட்டும் எழுதிக் காட்டுது.”

மகாலிங்கம் இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ கைகளைப் பிடித்தவர். இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

மறுநாளே பழைய ஆட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். பழம் விழக்கூடாது, மரத்திலேயே இருக்க வேண்டும். விரல் டேப்லெட் கண்ணாடிமேல் ஒரு நெல் அளவு நகர்ந்தாலும் பக்கத்து இலை அசைய வேண்டும். தொட்டால்தான் பழம் கைக்கு வர வேண்டும்.

ஏஐ எழுதிக் கொடுத்தது. கூடவே, நேரக் கணக்கும் தோல்வியும் இல்லாவிட்டால் ஆட்டம் சலித்துவிடும், மூன்று தடவை தவறினால் ஆட்டம் முடியும்படி மூன்று உயிர்கள் சேர்க்கட்டுமா என்று கேட்டது.

‘வேண்டாம்’ என்று மகாலிங்கம் தட்டினார்.

இலை அவ்வளவு சின்ன அசைவுக்கு ஆடவில்லை. கேட்டால் ஏஐ சரிசெய்துவிட்டதாகச் சொன்னது. ஆடிப் பார்த்தால் சரியாகவில்லை. நாலு நாள் இதே கதை. ஐந்தாம் நாள் அவரே ஒவ்வொரு வரியாகப் படிக்க உட்கார்ந்தார். பாதிக்கு மேல் புரியவில்லை. புரிகிற வரை விடுவதில்லை என்று திரும்பத் திரும்பப் படித்தார். விரல் எவ்வளவு நகர்ந்தால் கணக்கு என்பதற்கு ஓரிடத்தில் நாற்பது திரைப்புள்ளி என்று இருந்தது. அதை இரண்டு ஆக்கினார். தன் விரலை வைத்து லேசாக அசைத்தார். இலை ஆடியது.

டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மேலப்பாளையம் போனார்.

முதல் நாள் மீரான் பாய் விரலை வைத்துப் பல்லைக் கடித்தார். நெற்றியெல்லாம் வேர்த்தது. ஒரு இலை அசைந்தது.

“நானா ஆட்டுனேன்?”

“நீங்கதான் பாய்.”

பழம் எதுவும் கைக்கு வரவில்லை. ஆனாலும் மறுநாள் அவரே போன் பண்ணி வரச் சொன்னார். பதினோராம் நாள் விரல் இழுத்து இழுத்துக் கிளை வரை போய் ஒரு கொய்யாவைத் தொட்டது. மீரான் பாய் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் மேல வையுங்க டாக்டரே. இது கைக்கெட்டுற தூரத்துல இருக்கு.”

அடுத்த சனிக்கிழமை மகாலிங்கம் எல்லாவற்றையும் ஜெஸிந்தாவிடம் சொன்னார்.

“அவர் இப்ப தினமும் ஆடுறார் டீச்சர். ஆனா நேத்து ஒரு அம்மாவுக்குக் கொடுத்தேன். சுந்தரகனின்னு பேரு. ரெண்டு நிமிஷம் பாத்தாங்க, டேப்லெட்டைத் தள்ளிட்டுப் போயிட்டாங்க.” அவர் லேப்டாப்பைத் திறந்தார். “இதுக்கு ஏஐகிட்ட என்னன்னு கேக்கணும்?”

ஜெஸிந்தா திரையைப் பார்க்கவில்லை.

“அந்த அம்மா வீடு எங்க இருக்கு அண்ணாச்சி?”